பாண்டி–கடலூர் ரயில், படகு, சுரங்கம்: திட்டம் போடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ரோட்டு வழியாக 22 கிலோமீட்டர் அளவுதான். ரயிலில்தான் போக வேண்டும் என்றால், திருப்பாதிரிப்புலியூரில் ஏறி விழுப்புரம் போய், அங்கே வண்டி மாறி, வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று சுற்றிப் புதுச்சேரிக்கு வர வேண்டும். தூரம் 80 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டிலும் நூறு வருஷத்துக்கு மேலாக ரயில் இருக்கிறது. புதுச்சேரிக்கு 1879இலேயே தண்டவாளம் வந்துவிட்டது. இருந்தும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் நேராகப் போக வழியில்லை.

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். வீடு மஞ்சக்குப்பத்தில், வேலை பாண்டியில். பதினெட்டு வருஷமாகப் பஸ்ஸில் போய்வருகிறேன். இந்த வருஷங்களில் ரோட்டின் இரண்டு பக்கமும் வயல் போய் மனையும், மனை போய் வீடும் வந்துவிட்டது. கூடவே மெட்ரோ, மோனோ ரயில், கடலில் படகு, பூமிக்கு அடியில் பாதை என்று பேச்சும் பெருகிவிட்டது. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் மற்ற ஊர்கள் பெரும் பணத்தைச் செலவழித்துக் கற்ற பாடங்களை நாம் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியை முதலில் முடிவு செய்வது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். "நம்ம ஊருக்கு மெட்ரோ வேணும்" என்று பேச்சு தொடங்கும். யார், எங்கிருந்து, எங்கே, எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்ற கேள்வி அப்புறம்தான் வரும். சில சமயம் வராமலே போய்விடும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களையும் சேர்த்து 70 பேர். மூன்று நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் மணிக்கு 20 பஸ், 1,400 பேர். நான்கு பெட்டி மெட்ரோவில் ஆயிரத்துக்கு மேல் ஏறலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு 12,000 பேர். காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள், ஒரே திசையில், ஒரே பாதையில் 12,000 பேர் நம்மிடம் இருக்கிறார்களா? 2011 கணக்கெடுப்புப்படி புதுச்சேரி மாவட்டம் முழுவதிலும் சுமார் 9.5 லட்சம் பேர். அவர்களும் வில்லியனூர், பாகூர், காலாப்பட்டு, திருக்கனூர் என்று பல திசையில் சிதறி இருக்கிறார்கள்.

மத்திய அரசின் 2017 மெட்ரோ ரயில் கொள்கையும் இதைத்தான் கேட்கிறது. மெட்ரோ வேண்டும் என்று கேட்கும் நகரம், தனிப் பாதையில் ஓடும் பஸ், டிராம், இலகு ரயில் என்று மற்ற வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, இதுதான் பொருந்தும் என்று காட்ட வேண்டும். 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ அறிக்கைகள் டெல்லியிலிருந்து திரும்பி வந்தன. 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவு அப்போது காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த முடிவு சரியா என்று தமிழ்நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. அது எப்படியோ, கோவைக்கே இத்தனை கேள்வி என்றால், அதைவிடச் சின்ன ஊர்க்காரர்களான நாம் கணக்கை இன்னும் ஒழுங்காகக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மும்பை மோனோ ரயிலும் கவனிக்க வேண்டிய கதை. 2014இல் ஓடத் தொடங்கியது. பார்க்க அழகான வண்டி. ஆனால் கூட்டம் இருக்கும் தடத்தோடு அது சேரவில்லை. எதிர்பார்த்த பயணிகள் வரவேயில்லை.

இருக்கும் தண்டவாளத்தில் வண்டியைக் கூட்டினால் போதும் என்று நினைப்பது

இதை நான் அதிகம் கேட்கிறேன். "விழுப்புரம் லைன் சும்மாதானே கிடக்கு, அதுலயே அரை மணிக்கு ஒண்ணு விட்டா என்ன?" நியாயமான கேள்வி. புதுச்சேரிக்கு ரயில் நகரப் போக்குவரத்து வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியதும் இந்த 38 கிலோமீட்டர் பாதைதான். நிலம் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, மின்சாரக் கம்பியும் இருக்கிறது. ஆனால் நடுவில் இரண்டு முடிச்சு உண்டு.

ஒன்று, அது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒரு ஸ்டேஷனில்தான் விலகிக்கொள்ள முடியும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே போக பத்து நிமிடம் ஆகிறது என்றால், அந்தப் பத்து நிமிடமும் எதிர்வண்டி அடுத்த ஸ்டேஷனில் காத்துக் கிடக்கும். ஒரு வண்டி தாமதமானால் எதிரே வருவதும் தாமதம், அதற்குப் பின்னால் வருவதும் தாமதம். அதனால் வண்டி வாங்குவதற்கு முன்னால் விலகும் இடங்களைக் கூட்ட வேண்டும், சிக்னலை மாற்ற வேண்டும். படத்தில் போட்டுக் காட்ட இதில் ஒன்றுமில்லை. ஆனால் பலன் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது முடிச்சு, கேட். முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில் பக்கத்து ரயில்வே கேட்டில் மாட்டாத பாண்டிக்காரர் இருக்க மாட்டார். மணி அடிக்கும், கம்பம் இறங்கும். அது முழுதாக இறங்குவதற்குள் டூவீலர்கள் எதிர்ச்சாரியையும் சேர்த்து அடைத்துவிடும். அந்தப் பக்கமும் அப்படியே அடைத்து நிற்கும். ரயில் போய்க் கம்பம் ஏறியதும் இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். நான் கடிகாரம் பார்த்திருக்கிறேன். கேட் மூடியிருந்தது ஆறு நிமிடம், நெரிசல் கலைய எடுத்தது பதினான்கு நிமிடம். இப்போது கணக்குப் போடுங்கள். கால் மணிக்கு ஒரு ரயில், இரண்டு திசையும் சேர்த்து மணிக்கு எட்டு ரயில். எட்டு தடவை ஆறு நிமிடம் என்றால் 48 நிமிடம். ஒன்றிரண்டு வண்டி சேர்ந்து வந்து கொஞ்சம் குறைந்தாலும், கடலூர் ரோடு அந்த இடத்தில் பாதி நேரத்துக்கு மேல் மூடியே கிடக்கும். ஆம்புலன்ஸும் அதில்தான் நிற்கும்.

ஆக வரிசை முக்கியம். முதலில் கேட்டுக்கு மாற்று, அப்புறம் விலகும் இடம், அப்புறம் வண்டி. வரிசையை மாற்றினால், ரயிலில் போகும் ஆயிரம் பேருக்காக ரோட்டில் போகும் பத்தாயிரம் பேர் கோபப்படுவார்கள். ஒரு வருஷத்தில் அந்த ரயிலையே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.

நேரம் பற்றி இன்னொன்று. வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைவிட எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வரும் என்பதுதான் மக்களைக் கூப்பிடும். திட்டம் போடுபவர்கள், நின்று காத்திருக்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் உட்கார்ந்து போகும் இரண்டு நிமிடத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வது வழக்கம். வெயிலில் நின்றவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லைக்கோட்டில் திட்டத்தை நிறுத்திவிடுவது

கடலூர் ரோட்டில் போனால் புதுச்சேரி, தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று மாறி மாறி வரும். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயில் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லை இன்றும் அப்படியே கொடிபோல வளைந்து கிடக்கிறது. பயணம் செய்பவருக்கு இது ஒரே ரோடு. அதிகாரிகளுக்கு இரண்டு அரசு, இரண்டு பஸ் கழகம், இரண்டு நகரத் திட்டம்.

புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தால் எல்லைக்கு வெளியே வெள்ளையாக விட்டிருப்பார்கள், அங்கே மனுஷரே இல்லாததுபோல. கோட்டக்குப்பத்தில் குடியிருந்து பாண்டியில் வேலை செய்பவர்கள் அந்த வெள்ளைப் பகுதியில்தான் இருக்கிறார்கள். நானும் அதில்தான் இருக்கிறேன். பயணக் கணக்கெடுப்பு எல்லையோடு நின்றால் எங்களைப் போன்றவர்கள் எல்லாம் கணக்கில் விழ மாட்டோம்.

எல்லையோடு சேர்ந்த இன்னொரு தவறு, நிலத்தைக் கடைசியில் தேடுவது. சென்னை பெருங்குடியிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை, சுமார் 179 கிலோமீட்டர் கடற்கரை ரயில் பாதைக்கு 2008–09இல் அனுமதி கிடைத்தது. நான் முதலில் சொன்ன 80 கிலோமீட்டர் சுற்றை அறுக்க வேண்டிய பாதை அதுதான். இன்னும் அதில் ரயில் ஓடவில்லை. அறிவிப்பு வந்த அன்றே பாதைக்கான பட்டையை இரண்டு அரசும் சேர்ந்து குறித்து, அதில் மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாம். அதற்குச் செலவு மிகக் குறைவு. பத்து வருஷம் கழித்து அதே பட்டையில் வீடு கட்டிக் குடியிருப்பவரை எழுப்புவதற்கு ஆகும் பணமும் கண்ணீரும் வேறு. சென்னையில் வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் நடுவே பறக்கும் ரயிலை நீட்ட வேண்டியது வெறும் 5 கிலோமீட்டர். 2008இல் தொடங்கிய வேலை, கடைசி 500 மீட்டர் நிலத்தில் சிக்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தது.

படகு: தண்ணீர் இருக்கிறது என்பதற்காகவே விடுவது

எனக்குப் படகு மேல் தனி ஆசை உண்டு. கடலூர் முதுநகரில் உப்பனாற்றின் கரையில் வளர்ந்தவன். ஆற்றுக்கு அந்தப் பக்கக் குப்பங்களிலிருந்து படகில் வந்து ஏறி இறங்கும் ஆட்களைப் பார்த்தே பெரியவனானேன். அதனால்தான் இதில் தவறு நடந்தால் வலிக்கிறது.

முதல் கேள்வி ஒன்றே ஒன்று: படகு ரோட்டைவிடக் குறுக்கு வழியா? பயணிகள் படகு மணிக்கு 15, 18 கிலோமீட்டர்தான் போகும். ரோட்டோடு போட்டி போட்டு நீளவாக்கில் ஓடினால் தோற்றுவிடும். ஆற்றைக் குறுக்கே தாண்டினால் ஜெயிக்கும். ரோட்டில் ஆறேழு கிலோமீட்டர் சுற்ற வேண்டிய இடத்துக்குத் தண்ணீரில் 500 மீட்டர் என்றால், அங்கே படகை மிஞ்ச எதுவுமில்லை. இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், பாண்டி கடற்கரையிலிருந்து கடலூருக்குக் கடல் வழியாகத் தினசரி படகு என்பது நிற்காது. அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, உப்பனாறு ஆகியவற்றின் குறுக்கே சின்னச் சின்னத் துறைகள் நிற்கும். நோணாங்குப்பம் படகுக் குழாமிலிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் போவது சுற்றுலாப் படகு. அதையே போக்குவரத்து என்று கணக்கில் காட்டக் கூடாது. வேலைக்குப் போகிறவருக்குத் திங்கட்கிழமை காலை 7.40க்கு வேண்டும், மழையிலும் வேண்டும்.

இரண்டாவது, முகத்துவாரம். நம் கரையோரம் வருஷத்தில் பெரும்பாலும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஆற்று வாயில் அது வந்து அடைக்கும். தேங்காய்த்திட்டு துறைமுகத்து மீனவர்களைக் கேளுங்கள், தூர்வாரச் சொல்லி எத்தனை முறை போராடியிருக்கிறார்கள் என்று. துறையைக் கட்டுவது ஒரு தடவைச் செலவு. தூர்வாருவது ஒவ்வொரு வருஷச் செலவு. இரண்டாவதைத் திட்ட அறிக்கையில் எழுதாமல் விட்டால், மூன்றாம் வருஷம் படகு தரைதட்டி நிற்கும்.

மணலைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரி தன் உடம்பிலேயே பார்த்துவிட்டது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று வாயில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரின் கடற்கரை காணாமல் போனது. என் தலைமுறைக்கு பாண்டி பீச் என்றால் கருங்கல் குவியல்தான். அரிப்பு அதோடு நிற்காமல் எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் மீனவ ஊர்களையும் தின்றது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. படகுத்துறை என்று கல்லைக் கொட்டுவதற்கு முன்னால், இந்த முப்பது வருஷத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பருவம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புயல் கூண்டு ஏறும் நாட்கள் நம் ஊரில் சாதாரணம். 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். அந்த நாட்களில் படகு நிற்கத்தான் வேண்டும். நின்றால் பயணிகளை எந்தப் பஸ் ஏற்றிக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். டிக்கெட்டும் அதே டிக்கெட்டாகவே செல்ல வேண்டும். இல்லாவிட்டால் மக்கள் ஒரு டிசம்பரில் டூவீலர் வாங்கிவிடுவார்கள். அப்புறம் திரும்பி வர மாட்டார்கள்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய, மின்கலத்தில் ஓடும் படகுகள், ஒன்றில் நூறு பேர். நான் அங்கே போனபோது படகைவிடத் துறையைத்தான் உற்றுப் பார்த்தேன். தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் கூடவே ஏறி இறங்கும் மிதவைத் தளம். படகின் தரையும் மிதவையின் தரையும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போனார். நம் பக்கத்துத் துறைகளில் வயதானவர்களை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி இறக்குவதைப் பார்த்துப் பழகியவனுக்கு அது பெரிய காட்சி.

கொச்சியின் அளவு நமக்குப் பெரிது என்றால் வைக்கம் இருக்கிறது. வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 ஜனவரியில் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை 75 பேர் ஏறும் சூரிய மின்படகை விட்டது. "ஆதித்யா" என்று பெயர். இரண்டரைக் கிலோமீட்டர் தூரம், அக்கரைக்கும் இக்கரைக்கும் நாள் முழுக்க ஓட்டம். உப்பனாற்றுக்கு ஏற்ற அளவு இதுதான் என்பது என் எண்ணம்.

பெயரை மட்டும் நம்பக் கூடாது. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை தேசிய நீர்வழி 4 என்று 2008இல் அறிவித்தார்கள். பெயர்ப் பட்டியலில் புதுச்சேரி இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் வழியாகச் சென்னையிலிருந்து நம் ஊருக்குப் படகு வரவில்லை.

சுரங்கம்: மண்ணைக் கேட்காமல் இறங்குவது

பெரிய சுரங்கத்துக்கு முன்னால் சின்னதைப் பேசுவோம். நம் மாவட்டங்களில் ரயில்வே கேட்டை மூடிவிட்டுத் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை வெட்டுவது வழக்கமாகிவிட்டது. கடலூர் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சுரங்கப்பாதையில் ஒரு ஐப்பசி மாதம் நானே மாட்டியிருக்கிறேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். சுவரில் ஆழம் காட்டும் கோடுகள் அடித்திருந்தார்கள். வெள்ளத்தில் முதல் கோடே தெரியவில்லை. பம்பு இருந்தது, மோட்டார் பெட்டியை வைத்தது பள்ளத்தின் அடியில். தண்ணீர் வந்ததும் முதலில் மூழ்கியது தண்ணீரை இறைக்க வேண்டிய மோட்டார்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்டவாளத்தில் ஏறித் தாண்டிக்கொண்டிருந்தார்கள். எந்த ஆபத்தைத் தடுக்கக் கேட்டை மூடினார்களோ, அதே ஆபத்து.

வரைபடத்தில் இதைச் சரிசெய்வது ஒரு நாள் வேலை. நுழையும் இடத்தில் ரோட்டை அரை மீட்டர் திமில்போல உயர்த்தி, அப்புறம் இறக்க வேண்டும். சுற்றியுள்ள வயல் தண்ணீர் உள்ளே வராமல் குறுக்கே கம்பி போட்ட வடிகால் வேண்டும். மோட்டாரை வெள்ள மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். இவ்வளவுதான். சின்னச் சுரங்கத்திலேயே இதை விடுகிற நாம் பெரிய சுரங்கத்தை நினைக்கும்போது இன்னும் பல மடங்கு கவனம் வேண்டும். ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பாங்காக் மெட்ரோவில் சுரங்க நிலையத்துக்குப் போக முதலில் சில படி மேலே ஏற வேண்டும், அப்புறம்தான் கீழே இறக்கம். வெள்ளத்தை நினைத்துக் கட்டியது. மும்பையில் 2025 மே மாதம், ஆச்சார்ய அத்ரே சவுக் நிலையம் திறந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், கட்டி முடிக்காத ஒரு நுழைவாயிலின் தடுப்புச் சுவர் உடைந்து மழைநீர் நடைமேடைக்குள் புகுந்தது.

அடுத்தது மண். புதுச்சேரி, கடலூர் கரையோரம் மணலும் களியும் கலந்த பூமி, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். இதில் சுரங்கம் போடவே முடியாது என்பதில்லை. கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே 520 மீட்டர் சுரங்கம் போட்டு 2024 மார்ச்சில் திறந்தார்கள். ஆனால் அதே தடத்தில் 2019 ஆகஸ்ட் 31 அன்று, பௌபஜார் பகுதியில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் நிலத்தடி நீர் தேங்கிய மண்ணில் இடித்துத் தண்ணீரும் மணலும் பீறிட, மேலே பழைய வீடுகள் விரிசல் விட்டுச் சரிந்தன. ஆற்றைத் தாண்டியவர்கள் தெருவுக்கு அடியில் தடுக்கி விழுந்தார்கள். சென்னை அண்ணா சாலையில் 2017 ஏப்ரலில் சுரங்க வேலைக்கு மேலே ரோடு உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் இறங்கின. நம் வெள்ளைக்காரத் தெருக்களில் நிற்கும் சுண்ணாம்புச் சுவர் வீடுகளையும், தமிழ்ப் பகுதியின் திண்ணை வீடுகளையும் நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அந்தச் சுவர்களுக்கு அடியில் காங்கிரீட் தூண் கிடையாது.

மண் பரிசோதனைக்குப் போர் போடுவதில் காசு மிச்சம் பிடிப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. நூறு போர் வேண்டிய இடத்தில் முப்பது போட்டுவிட்டு நடுவில் இருப்பதை ஊகித்துக்கொள்வார்கள். போட்ட போருக்கும் கணக்கு வைக்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் 17.5 மீட்டர் விட்டமுள்ள ராட்சத இயந்திரம், "பெர்த்தா" என்று பெயர், 2013 டிசம்பரில் பூமிக்கு அடியில் நின்றுபோனது. சில நாள் முன்புதான் அது ஓர் இரும்புக் குழாயில் மோதியிருந்தது. அந்தக் குழாய், அதே திட்டத்தின் நிலத்தடி நீர் ஆய்வுக்காக 2002இல் இறக்கி அப்படியே விட்டது. குழாய்தான் காரணமா, இயந்திரக் கோளாறா என்று வழக்கே நடந்தது. எப்படியோ, வேலை மறுபடி தொடங்க இரண்டு வருஷம் ஆனது.

நமக்கு இன்னொன்றும் உண்டு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமாபுரியோடு வணிகம் செய்த ஊர் வெளியே வந்தது. இங்கே எங்கே ஆழமாகத் தோண்டினாலும் பழைய பானை ஓடு கிடைக்கலாம் என்று எதிர்பார்த்துத்தான் கால அட்டவணை போட வேண்டும். இஸ்தான்புல்லில் கடலடி ரயிலுக்கு நிலையம் தோண்டும்போது பழைய துறைமுகமும் 37 மரக்கலங்களும் கிடைத்தன. திட்டம் பல வருஷம் தள்ளிப்போனது. தொல்லியல் ஆட்களை முதல் நாளே கூப்பிட்டால் அவர்கள் வழிகாட்டுவார்கள். கடைசியில் கூப்பிட்டால் வேலையை நிறுத்த வேண்டிவரும்.

என் தனிப்பட்ட கருத்து: புதுச்சேரிக்கு இன்றைக்கு ரயில் சுரங்கம் தேவையில்லை. கேட்டுகளில் தண்ணீர் நிற்காத சுரங்கப்பாதையும் மேம்பாலமும்தான் தேவை.

வாய்க்கால் மேலே தூண் நடுவதும் வேண்டாம். நிலம் வாங்க வேண்டியதில்லை என்று சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களைப் பக்கிங்காம் கால்வாயிலேயே நட்டார்கள். கால்வாய் குறுகிப்போனது. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலும் உப்பாறு வாய்க்காலும் ஊருக்கு நடுவே "காலியாக"த் தெரிவதால் அந்த ஆசை இங்கேயும் வரும். மழை நாளில் அவை காலியாக இருக்காது.

இறங்கிய பிறகு என்ன என்று கேட்காமல் விடுவது

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30இல் திறந்தபோது, பக்கத்திலேயே ஓடும் புறநகர் ரயிலுக்கு அங்கே ஸ்டேஷன் இல்லை. மூட்டையோடு இறங்கிய ஜனங்கள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். புதுச்சேரியில் ரயில் நிலையம் சுப்பையா சாலையில், பஸ் ஸ்டாண்ட் மறைமலையடிகள் சாலையில். இரண்டுக்கும் நடுவே ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. கடலூர் இதில் கொடுத்து வைத்த ஊர். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விடலாம். புதிதாக எதைக் கட்டினாலும் அந்த நடை தூரத்தை விட்டுவிடக் கூடாது.

வரவைக் கூட்டியும் செலவைக் குறைத்தும் எழுதுவது

டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃபிளிவ்பியர்க் (Bent Flyvbjerg) பல நாட்டுத் திட்டங்களைச் சேர்த்துப் பார்த்தார். ரயில் திட்டங்களில் செலவு சராசரியாக 45 சதவிகிதம் மதிப்பீட்டைத் தாண்டியது. பயணிகள் எண்ணிக்கையோ சொன்னதில் பாதி அளவுக்குத்தான் வந்தது. நம் ஊர்க் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பக்கத்திலேயே இலவசப் பஸ் ஓடும்போது எத்தனை பெண்கள் 20 ரூபாய் கொடுத்து ரயிலில் ஏறுவார்கள் என்று நேர்மையாகக் கேட்காமல் போடும் வரவுக் கணக்கு நிற்காது.

கூடையை மறப்பது

கணக்கெடுப்பவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் போகிறவர்களையே கேட்கிறார்கள். விடிகாலை நாலரை மணி பஸ்ஸில் அவர்கள் ஏறுவதில்லை. அந்த பஸ்ஸில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஜிப்மரில் காலையில் சீட்டு போட வேண்டும் என்று கையில் எக்ஸ்ரே கவரோடு வரும் குடும்பங்கள். நோயாளியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ் பிடிப்பார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு படியும் பாரம்தான். வண்டி மாறும் இடத்தில் லிஃப்ட் வேலை செய்கிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி.

போன மாதம் தேவனாம்பட்டினத்து மீன்கார அம்மா ஒருவர் நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்றார். அலுமினியக் கூடை, மேலே ஈரச் சாக்கு, ஐஸ் உருகி ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. வந்த பஸ்ஸின் கண்டக்டர் கூடையைப் பார்த்தார், விசில் கொடுத்தார், பஸ் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் பின்பக்கம் ஏற்றிக்கொண்டார்கள். காத்திருந்த நேரத்தில் கடற்கரை ரயில் வருமாமே என்று அவர்தான் பேச்செடுத்தார். வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். "வந்தா கூடைய ஏத்த வுடுவாங்களா தம்பி?" என்று கேட்டார்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து ஒரு பெட்டியின் தரையை வரைந்து பார்த்தேன். கதவுப் பக்கத்தில் மடக்கு இருக்கை, அதற்குக் கீழே ஆறு கூடை வைக்க இடம், தரையில் லேசான சரிவு, ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு தாரை. நடைமேடையும் பெட்டியும் ஒரே மட்டம், கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே உள்ளே வரலாம். ஸ்டேஷனில் ஒரு குழாய், சாக்கு அலச ஒரு சிமெண்ட் தொட்டி. எட்டு இருக்கை குறைந்தது, அவ்வளவுதான். அந்தத் தாளைப் பையிலேயே வைத்திருக்கிறேன், மறுபடி அந்த அம்மாவைப் பார்த்தால் இடம் போதுமா என்று கேட்க.